பையில் இருந்த இரண்டு வளையங்கள்

அந்தப் போகியன்று காலை வெள்ளிமலை பஸ்ஸில் மனிதர்களைவிடக் கரும்புதான் அதிகம். என் பங்குக்கு நானும் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வடக்கனந்தலில் ஏறினேன். மலையில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அக்காவுக்குப் பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலை நாம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று அம்மா என்னை அனுப்பியிருந்தாள். எனக்கு லீவு கிடைத்த கதை தனி.

நான் அப்போது சென்னையில் ஒரு ஹேங்கரில் விமான என்ஜின் சர்வீஸ் பார்க்கும் வேலையில் இருந்தேன். சேர்ந்த முதல் வாரம், டீ வரிசையில் எனக்குப் பின்னால் ஒருவன் போனில், "இன்னா, கடையில கீறியா, வடக்கனந்தல்ல கீறியா?" என்று கத்திக்கொண்டிருந்தான். திரும்பி, "கள்ளக்குறிச்சியா?" என்றேன். கடைவீதியில் அவன் அத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை. எங்கள் போர்வெல்லுக்கு அப்பா பைப் வாங்கிய அதே கடை. அதற்குமேல் சிநேகிதம் ஆக என்ன வேண்டும்? ரம்ஜானுக்கு அவன் ஷிஃப்டை நான் பார்ப்பேன், பொங்கலுக்கு என் ஷிஃப்டை அவன் பார்ப்பான் என்று அந்த வருஷமே பேசிக்கொண்டோம். ஒரு முறைகூட இருவரும் தவறியதில்லை.

எங்கள் வேலையில் சில இடங்களுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். செய்தவர் ஒன்று போடுவார். அவர் செய்ததை வேறொருவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு இன்னொன்று போட வேண்டும். வேலை தெரியாதவனை மேய்க்கப் போட்ட விதி அல்ல இது. கைதேர்ந்தவனுக்கும் ஒரு நாள் மறக்கும் என்பதற்காகப் போட்டது. ஆனால் அவன் செய்ததை நான் டார்ச் அடித்துப் பார்த்தால், அவன் முகத்துக்கு நேரே டார்ச் அடிப்பதுபோல எனக்குக் கூச்சமாக இருக்கும். முதலில் ஒப்புக்குப் பார்த்தேன். பிறகு அதையும் விட்டேன். அவனும் என் வேலைக்கு அப்படித்தான் கையெழுத்துப் போட்டான். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டோம், அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போகிக்கு முந்தின நாள் மதியம் ஒரு விமானத்தின் இடது என்ஜினில் வேலை. எண்ணெயில் இரும்புத் துகள் வருகிறதா என்று பிடித்துக் காட்டும் ஒரு காந்தச் செருகி உண்டு. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, புதிதாக இரண்டு ரப்பர் வளையங்கள் மாட்டித் திரும்பச் செருக வேண்டும். வளையம் இல்லாவிட்டால் எண்ணெய் கசிந்து தீர்ந்துவிடும். ஸ்டோரில் வளையப் பொட்டலத்தை வாங்கிவந்தது நான்தான். வந்தபோது அவன் ஏணிமேல் நின்று செருகியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ கெளம்பு. பொங்கல் கூட்டம், பஸ்ஸு கெடைக்காது," என்றான். "கையெழுத்து போட்டுட்டு ஓடு. மீதிய நான் பாத்துக்கறேன்."

ஓடினேன். கையெழுத்தை மறக்காமல் போட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

மலையில் நாலைந்து வளைவு ஏறியிருப்போம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கொய்யாப்பழம் ஒன்று தந்தார். துடைக்கக் கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கைவிட்டேன். முந்தின நாள் வேலை உடுப்பின் பாக்கெட்டில் இருந்ததையெல்லாம் அப்படியே அள்ளிப் போட்ட பை. கைக்குட்டையோடு அந்தப் பொட்டலமும் வந்தது. பிரிக்கவே இல்லை. உள்ளே இரண்டு வளையங்களும் இருந்தன.

மணி பதினொன்றரை. அந்த விமானம் ஒரு மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். போனைப் பார்த்தேன், சிக்னல் இல்லை. கரும்பைத் தாண்டி விழுந்தடித்து ஓடி, "அண்ணே, ஒரு போன் பண்ணணும். எங்க டவர் கெடைக்கும்?" என்றேன்.

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, வூட்ல யாருக்கானா ஒடம்பு சரியில்லியா?"

"இல்லண்ணே. என் வேலையில ஒரு தப்பு. நெறைய பேரு உசுரு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இரண்டு வளைவு தாண்டி, பாறை ஓரம் பஸ் நின்றது. "இங்கதான் கெடைக்கும். பேசிட்டு வாம்மா," என்றார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்த பஸ்ஸை இன்று நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

நண்பன் உடனே எடுத்தான். "இன்னா, ஊர் போய் சேந்துட்டியா?"

"ரிங்கு எங்கேர்ந்து எடுத்துப் போட்ட?"

"நீதான ட்ரேல வச்சிட்டுப் போன?"

"என் பையில கீதுடா. ரெண்டும் கீது."

"என்ஜினச் சுத்த விட்டுப் பாத்தனே," என்றான். "ஒரு சொட்டு கசியலியே."

"நீ சுத்துனது ஒரு நிமிஷம். மேல போனா?"

"நீ பாத்துட்டுதான கையெழுத்து போட்ட?" அதட்டவில்லை, கெஞ்சினான்.

"பாக்கல."

அடுத்த மாதம் அவனுக்கு லைசென்ஸ் நேர்காணல். மூன்று வருஷம் படித்து எழுதிய பரீட்சை. நானாக வாயைத் திறந்து அதைக் கெடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். விமானத்தை ஏற்கெனவே ஹேங்கருக்கு வெளியே இழுத்துவிட்டார்கள், சூப்பர்வைசரிடம் சொல்லாமல் என்ஜின் மூடியைத் திறக்க முடியாது. "சரி, போய்ச் சொல்றேன்," என்று வைத்துவிட்டான்.

மீதி மலை முழுக்க சிக்னல் இல்லை. வெள்ளிமலையில் இறங்கியதும் அவனிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்து கிடந்தது. "இல்ல."

திறந்து பார்த்திருக்கிறார்கள். வளையம் இல்லை. பயணிகளை வேறு விமானத்தில் ஏற்றினார்கள். தாமதத்துக்காக அவர்கள் யாரைத் திட்டியிருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆஸ்பத்திரி வாசலிலேயே கரும்பைப் போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். கரும்பு கனம் தாங்காமல் அழுகிறேன் என்று முதலில் நினைத்தாளாம்.

விசாரணையில் அவன் தன் தப்பு என்றான், நான் என் தப்பு என்றேன். "ரெண்டு பேரும் தப்பு செஞ்சாத்தான் இப்படி ஆகும்," என்று மேலதிகாரி எங்கள் வாயை அடைத்தார். ஆறு மாதம் இருவரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அவன் நேர்காணல் ஒரு வருஷம் தள்ளிப் போனது. அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். அந்த ரம்ஜானுக்கும் அவன் ஷிஃப்டை நான்தான் பார்த்தேன். டிராலி துடைக்கிற ஷிஃப்ட்.

கையெழுத்து திரும்பக் கிடைத்த அன்று, அவனே டார்ச்சை என் கையில் கொடுத்தான். நான் குனிந்து பார்த்து முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாத்தியா?" என்றான். "இரு, இன்னொரு வாட்டி," என்றேன். சிரித்தான். ஆனால் பழைய சிரிப்பு இல்லை. அதன்பின் நாங்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்தோம்.

இப்போது அவன் வளைகுடாவில் இருக்கிறான். போன மாதம் கூப்பிட்டான். "இங்க என் வேலைய செக் பண்றவன் என் மூஞ்சியக்கூட பாக்க மாட்டான். டார்ச்ச அடிச்சிக்கினு வேலையத்தான் பாக்கறான். நல்லவன்தான். ஆனா, உன்ன மாதிரி என்ன யாரும் நம்புனதில்ல."

அந்த விமானத்தில் ஏற இருந்தவர்களும் நம்மை நம்பித்தான் டிக்கெட் எடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது அவனுக்கும் தெரியும். அந்த நம்பிக்கைக்காக வெட்கப்படுகிறேன், அதுவே இல்லையே என்று ஏங்கவும் செய்கிறேன். இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பெருநாளுக்கு ஊருக்கு வர்றியா?" என்று கேட்டேன்.

"எங்க வர்றது?" என்றான். "என் ஷிஃப்ட பாக்க இங்க யாரு கீறா?"