நேராகப் போன ஜீப்பும் என் வீட்டுக்காரர் வாயும்

போன மாதம் இரண்டாம் ஞாயிறு சபையில் இதே இடத்தில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். எங்கள் ஜீப்பின் பிரேக்கை ஆண்டவர் சுகமாக்கிவிட்டார் என்று சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி தப்பு. அதைத் திருத்தத்தான் இன்று வந்திருக்கிறேன். பாஸ்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். "தைரியமா சொல்லுங்க சிஸ்டர்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பேர் எஸ்தர். மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் சாமுவேல், தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். லோரி வாசலில் வந்து நிற்கும்போதே சத்தத்தை வைத்து அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வாயும் ஓயாது. காப்பி ஆறிப்போனால்கூட அரைமணி நேரம் பேசுவார்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் புரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "ஆ, ஆ" என்று மட்டும்தான் வரும். வாராவாரம் செவ்வாய்க்கிழமை கீழே தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போகவேண்டும். அவர் ஆசையாக வாங்கிப் போட்ட பழைய ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். அது எங்கள் மூத்த மகளைவிட வயதில் பெரியது.

அப்போதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் உபவாசம் இருந்தேன். ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, இவர் வாயைத் திறந்துவிடும். ஒரே ஒரு வார்த்தை போதும்." மாதங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோபத்தில் குசினியில் சட்டியைத் தூக்கிப் போட்டு, "உமக்குக் காது கேட்கலையா?" என்று கத்தினேன். பிறகு அழுதேன். உள்ளுக்குள் நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன், அதுதான் உண்மை.

இந்த நேரத்தில்தான் ஜீப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும். நான் ஸ்டீயரிங்கை வலது பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டே ஓட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவர் ஒவ்வொரு தடவையும் இடது கையை என் பக்கம் நீட்டி நீட்டி "ஆ, ஆ" என்பார். "தெரியும்ங்க, வலது பக்கம் திருப்பித்தானே ஓட்டுறேன், சும்மா வாங்க" என்று அதட்டுவேன். பிரேக் எண்ணெயும் வாராவாரம் குறையும். மேலே ஊற்றி வைப்பேன். எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இருபத்தாறு வருஷம் மெக்கானிக்கின் பெண்டாட்டியாக இருந்தவள் நான். ஒரு பிரேக்கைச் சரிபண்ணத் தெரியாதா என்று எனக்கு ஒரு திமிர். இடது பக்கம்தானே இழுக்கிறது? இடது பக்கம் அதிகமாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். முன் சக்கரத்தின் பின்னால் பிரேக்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு நட்டு இருக்கும். ஸ்பானரை எடுத்து இடது பக்கத்தை நன்றாகத் தளர்த்திவிட்டேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து "ஆ! ஆ!" என்று கத்திக்கொண்டே இருந்தார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. நான் திரும்பியே பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் ஜீப்பின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினேன். ஓட்டிப் பார்த்தால் இழுக்கவே இல்லை! கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

அதைத்தான் போன மாதம் சாட்சியாகச் சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான் சொல்லும்போது இவர் முன் வரிசையில் உட்கார்ந்து இடது கையால் பெஞ்சைத் தட்டு தட்டென்று தட்டினார். நாமெல்லாம் அவர் சந்தோஷப்படுகிறார் என்று அல்லேலூயா சொன்னோம். ஐயோ, அந்த மனுஷன் எவ்வளவு தவித்திருப்பார்!

அதற்குப் பிறகு நான் பிரேக் எண்ணெய் டப்பாவைத் திறந்தே பார்க்கவில்லை. அற்புதம் நடந்த வண்டியைச் சந்தேகப்பட்டால் அவிசுவாசம் என்று நினைத்தேன். பிரேக் மிதித்தால் வண்டி நிற்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் முன்பு, செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். தோட்டத்து ரோடு உங்களுக்குத் தெரியும், ஒரு வண்டி போகிற அகலம்தான். இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். மூன்றாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பெரிய வளைவு தாண்டியதும் கீழே பார்த்தால் ஒரு சுற்றுலா வேன் நிற்கிறது. ஜனங்கள் நடு ரோட்டில் நின்று தேயிலையைப் படம் எடுக்கிறார்கள். ஒரு தாய் கையில் குழந்தை வைத்திருந்தாள்.

பிரேக் மிதித்தேன். கால் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமே இல்லை. கைபிரேக்கை இழுத்தேன், அது பேருக்குத்தான் இருந்தது. ஹாரன் அடிக்கக்கூடத் தோன்றவில்லை. பயத்தில் இரண்டு காலையும் சேர்த்து இறுக்கி மிதித்துவிட்டேன். இடது கால் கிளச்சில் இருந்தது. கிளச்சை மிதித்தால் என்ஜின் வண்டியைப் பிடிக்காது, அது பாட்டுக்கு உருண்டோடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நிமிஷம் தெரியவில்லை. "இயேசுவே, இயேசுவே" என்று மட்டும் கத்தினேன். ஜீப் பறந்தது.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். ஒரு கெட்ட வார்த்தை. சபையில் சொல்ல முடியாது. லயத்தில் பெரிய சண்டை வந்தால் மட்டும் காதில் விழுகிற வார்த்தை. அதைச் சொல்லி, "கிளச்ச விடுடீ!" என்று ஒரு அதட்டல்.

கால் தானாகவே எடுபட்டது. என்ஜின் அலறியது, வண்டி குலுங்கி வேகம் குறைந்தது.

"ரெண்டு! ரெண்டு!"

கியரைப் பிடித்து இரண்டாவதில் தள்ளினேன். கியர்ப் பல் உடைகிற மாதிரி சத்தம். இன்னும் குறைந்தது. வேன் கிட்டே வந்துவிட்டது. அந்தத் தாய் என்னைப் பார்த்துவிட்டாள்.

"லோங்காங்!"

மலைப் பக்கத்துச் சாக்கடையைச் சொல்கிறார் என்று புரிந்தது. இடது பக்கம் திருப்பினேன். முன் சக்கரம் சாக்கடையில் இறங்கி, ஜீப் தேயிலைச் செடிகளைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மேசை போடுகிற இடம்தான் இருந்தது. ஒருவர் இன்னும் தேயிலையைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் வேனைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. என்னைவிட அவர்தான் அதிகமாக அதிர்ந்து போயிருந்தார்.

"ஏங்க... நீங்க பேசினீங்க."

அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உதடு துடித்தது. கஷ்டப்பட்டு மறுபடியும் அதே கெட்ட வார்த்தையைச் சொன்னார். நான் அவரைக் கட்டிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று கத்தினேன். இத்தனை மாதம் நான் உபவாசம் இருந்து கேட்ட வார்த்தை அதுதான். என்ன வார்த்தை வேண்டும் என்று நான் கேட்கவில்லையே!

மேலிருந்து தோட்டத்து லோரி டிரைவர் ஆறுமுகம் அண்ணன் ஓடி வந்தார்.

"அலாமாக், எஸ்தரு! யாரு லா அந்த வார்த்தைய கத்துனது? மேல் மல வரைக்கும் கேட்டுச்சு!"

"அவருதான் அண்ணே!"

"மச்சானா? மச்சான் பேசுனாரா?" தலையில் கை வைத்து அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "முருகா!" என்றார். நான் ஆமென் என்றேன்.

அண்ணன்தான் லோரியில் கட்டி ஜீப்பை லயத்துக்கு இழுத்து வந்தார். இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இடது சக்கரத்திடம் போனேன். "வலது" என்றார்.

"இடதுதாங்க இழுத்துச்சு?"

நெற்றியில் வியர்வை வழிய ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார். "வேல... செய்றது... இழுக்கும். செத்தது... சும்மா... இருக்கும்."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனேன். வலது சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்தோம். உள்ளே இருக்கும் சின்ன பம்ப் ஒழுகி, பிரேக் ஷூ இரண்டும் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தன. வலது பக்கம் எப்போதோ பிடிப்பதை நிறுத்திவிட்டது. இடது பக்கம் மட்டும்தான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அந்தப் பக்கம் இழுத்தது. ஒழுங்காக வேலை செய்த அந்த ஒரு பிரேக்கையும் நான் தளர்த்திவிட்டேன். இரண்டு பக்கமும் பிடிக்காததால்தான் ஜீப் நேராகப் போனது. அதை அற்புதம் என்று உங்கள் முன்னால் சொன்னேன். பிறகு நான் எண்ணெயும் ஊற்றாததால் அது ஒழுகித் தீர்ந்து, அன்று பிரேக்கே இல்லாமல் போயிற்று. ஆண்டவரும் நீங்களும் என்னை மன்னியுங்கள்.

பெரிய அதிர்ச்சியில் சில பேருக்கு இப்படி வார்த்தை வருவது உண்டு என்று டாக்டர் சொன்னார். நான் மறுக்கவில்லை. கேட்டவள் நான், கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

இப்போது பிரேக் முழுவதும் மாற்றியாகிவிட்டது. கிளம்பும் முன் எண்ணெயைப் பார்த்துவிட்டுத்தான் ஜெபம் பண்ணுகிறேன். இன்னொன்றும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் வழி முழுவதும் நான்தான் பேசிக்கொண்டு வருவேன். இப்போது வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிறேன். அவர் ஒரு வாக்கியம் முடிக்க மூன்று வளைவு ஆகும். காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பேச முடியாமல் ஒருவர் இருக்கலாம். பேசியும் நீங்கள் கேட்காமல் விட்ட ஒருவர் இருக்கலாம். கேளுங்கள், ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். பதில் எந்த வாயிலிருந்து வரும், எப்படி வரும் என்று மட்டும் நீங்களே முடிவு பண்ணாதீர்கள். வந்தால் காது கொடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை தானா ராத்தாவுக்கு இறங்கும்போது முதல் வளைவில் "நீ" என்றார். நான் மெதுவாகத் திருப்பினேன். இரண்டாவது வளைவில் "நல்லா" என்றார். மூன்றாவது வளைவு வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஓட்டுற" என்றார்.

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.