மாமனார் செய்த குழாய் இணைப்பு

பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் அந்த இரும்பு வளையம் இருந்தது. இரண்டு பாதிகள், அவற்றைச் சேர்த்து இறுக்க மேலிருந்து செருகிய ஓர் ஆப்பு. தண்ணீர்க் குழாய்களை இணைப்பதற்கு என் மாமனாரே யோசித்துச் செய்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் அவர் ஃபோர்மேன். பெண்ணைக் காட்டுவதற்கு முன் அதைத்தான் காட்டினார். "பாருங்க மாப்ளே, பம்பு ஆட ஆட போல்ட்டெல்லாம் கழண்டுரும். என் ஆப்பு ஆட ஆட உள்ள எறங்கும். இது வேற எவன் மண்டையிலயும் உதிக்காது." பெண்ணைப் பார்க்குமுன்பே நான் மாப்பிள்ளையாகிவிட்டேன்.

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பொருத்திப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவில்லை. காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இயந்திரம் விற்கும் கம்பெனி ஒன்று மறுப்புத் தெரிவித்தது. வளையமும் பழசு, ஆப்பும் பழசு, இரண்டையும் சேர்ப்பதில் என்ன புதுமை என்பது அவர்கள் வாதம். நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த வக்கீல்தான் வழக்கை எடுத்தார். தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்கு இது தானாகத் தோன்றியிருக்குமா என்பதே கேள்வி, தோன்றியிருக்கும் என்றால் உரிமை கிடையாது என்றார். உள்ளதை உள்ளபடி மாமனார் சொன்னால் போதும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பெருமையடிக்க அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

கோலாலம்பூரில் விசாரணை. வெள்ளைக்கார அதிகாரி ஆப்பைத் தட்டிச் செருகினார், கழற்றினார், மறுபடி செருகினார். முகம் மலர்ந்துவிட்டது. மிக நேர்த்தியான வேலை, எப்படித் தோன்றியது என்று கேட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

நாலு பேர் நடுவில் ஒருவர் புகழ்ந்தால் தன்னைத் தாழ்த்திக்கொள்வதுதானே நம் வழக்கம். வீட்டில் அத்தனை பேசுகிற மனிதர் எழுந்து கைகூப்பினார். "பெரிசா ஒண்ணுமில்லீங்க தொரை. ஏதோ கைக்கு வந்துச்சு. கொழா வேலை தெரிஞ்ச யாரும் செஞ்சிருப்பாங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க வைத்திருந்த கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். இத்தனை காலமாக யாரும் செய்யவில்லையே என்று எங்கள் வக்கீல் மன்றாடிப் பார்த்தார். செய்தவரே சொன்னதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று அதிகாரி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார். அவருக்கும் அதில் சந்தோஷமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

வீடு திரும்பும்போது மாமனார் மெதுவாகக் கேட்டார்.

"மாப்ளே, தொரை மனசு நோகுற மாதிரி நான் ஏதும் மரியாதையில்லாம பேசிட்டேனா?"

"இல்ல மாமா," என்றேன். "ரொம்ப மரியாதையாத்தான் பேசினீங்க."