நாடாவின் பத்தொன்பதாவது அடி

என் மேசை இழுப்பறையில் ஓர் எஃகு அளவுநாடா இருக்கிறது. நுனியில் பித்தளைக் குண்டு. பத்தொன்பதாவது அடியில் ஒரு மடிப்பு. அந்த இடத்தில் துரு கறுத்துப் படிந்திருக்கிறது. சுருட்டினால் அங்கே வந்து சிக்கும். ஆறு வருடங்களாக அதை நான் நிமிர்த்தவில்லை. ஒரு மனிதரின் கை எலும்போடு சேர்ந்து மடங்கிய இடம் அது.

அவரை நாங்கள் ஹவில்தார் என்றே அழைத்தோம். பட்டாளத்திலிருந்து வந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் முக்கொம்பிலிருந்து ஜீயபுரம் வரை கிணறுகளின் நீர்மட்டத்தை அறிய மத்திய அரசின் செலவில் ஓர் ஆய்வு நடந்தது. நான்கு இடங்கள் சேர்ந்து செய்த வேலை. கிணறுகளை அளப்பது எங்கள் கல்லூரி. வாய்க்காலில் விட்ட தண்ணீரின் விவரம் பாசன அலுவலகத்திலிருந்தும், பயிர் நிலவரம் விவசாயப் பண்ணையிலிருந்தும், உப்புச் சோதனை சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்தும் வர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பதினைந்தாம் தேதிக்குள், நான்கையும் ஒரே அறிக்கையாக்கி டெல்லிக்கு அனுப்ப வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு முறை திரும்பினால் ஆய்வையே மூடிவிடுவார்கள் என்று பேராசிரியர் பயமுறுத்தி வைத்திருந்தார். புள்ளியியல் படித்துவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்த எனக்கு அந்தத் தொகுப்பு வேலை. யார், என்ன, எந்தத் தேதி என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். வந்து சேர்ந்ததைச் சிவப்புப் பென்சிலால் அடிப்பேன்.

ஹவில்தார் நாடாவின் கடைசி மூன்று அடிக்குச் சாக்கட்டி தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார். நனைந்த கோடுதான் நீர்மட்டம். அரை அங்குலம் பிசகமாட்டார். ஆனால் தாமதம் என்றால் அவருக்குக் கைதான் முதலில் பேசும். ஒரு தடவை பதினான்காம் தேதியாகியும் பாசன அலுவலகத்திலிருந்து அட்டவணை வரவில்லை. மத்தியானம் கிளம்பிப் போனார். நான்கு மணிக்கு அட்டவணையோடு வந்தார். தாளின் ஓரத்தில் ரத்தத் துளி இருந்தது.

"எப்படிங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டேம்மா, குடுத்தாரு. கொஞ்சம் கிட்டக்கப் போயி கேட்டேன்."

குமாஸ்தாவின் பிடரியைப் பிடித்துத் தலையை மேசையில் அழுத்திக்கொண்டே எழுத வைத்தார் என்பது மறுநாள் தெரிந்தது. மூக்கு உடைந்திருந்ததாம். எங்கள் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டியலில் அந்த வரியை ஏற்கெனவே அடித்திருந்தேன்.

அந்தக் கோடையில் ஜீயபுரத்துக்காரர்கள் அவரைக் கிணற்றருகே விடவில்லை. அளந்துகொண்டு போனால் முறைவைத்து விடும் வாய்க்கால் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள் என்று அங்கே பேச்சு. மூன்று வாரம் கல்லடி பட்டுத் திரும்பி வந்தார். புருவத்தில் தையல்.

"ஜீயபுரம் காலிம்மா. காலின்னே போட்டுடுங்க."

காலியென்று போடுவதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை. அதற்கு எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. முந்தைய அளவையே எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். உண்மையான அளவு வந்ததும் மாற்றுவோம். பேராசிரியருக்கும் தெரியும். அந்தத் தடவை பதினைந்தாம் தேதி வரை உண்மையான அளவு வரவில்லை. தட்டச்சு எந்திரத்துக்குப் பென்சில் புள்ளி தெரியாது. அறிக்கையின் அடியில் இரண்டு பெயர்கள் வந்தன. அளந்தவர்: அவர். தொகுத்தவர்: நான்.

அறிக்கையின் பிரதிகள் நான்கு இடங்களுக்கும் போயின. ஜீயபுரம் கிணறுகளில் நீர் குறையவில்லை என்று பாசன அலுவலகம் படித்தது. அந்தப் பக்கத்து மதகை இரண்டு தண்ணீர் முறைக்கு அடைத்தது. குலை தள்ளிய வாழைகள் தண்டு மடிந்து விழுந்தன.

டெல்லியிலிருந்து ஆட்கள் பார்வையிட வரப்போவதாகக் கடிதம் வந்தது. கிணறுகளைச் சரிபார்க்க என்னையும் ஹவில்தாரோடு அனுப்பினார் பேராசிரியர். காலை நேரம். வாழைத் தோப்பை ஒட்டி ஐந்தாறு பேர் மண்வெட்டிகளோடு நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் கையில் எங்கள் அறிக்கையின் கடைசித் தாள். அளந்தவர் பெயருக்கு அடியில் யாரோ மையால் தடித்த கோடு போட்டிருந்தார்கள். யார் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்குடைந்த குமாஸ்தா போடும் கோடு எனக்குத் தெரியும்.

"வாங்க ஹவில்தாரய்யா. எங்க கெணத்துல தண்ணி வழியுதாமே, ஒரு முழுக்கு போட்டுட்டுப் போறீங்களா?"

"எவன் சொன்னான்?"

"நீதான்யா சொல்லியிருக்க. இங்கிலீசுல. இந்தா, படி."

அவர் வாங்கிப் படித்தார். அவர் கண் கோடு போட்ட பெயரில் நின்றது. அடுத்த வரிக்கு இறங்கியது. பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஆமா. நான்தான் அளந்தேன்."

முதல் அடி மண்வெட்டிப் பிடியால் தோளில் விழுந்தது. அவர் அடித்தவனின் தொண்டையைப் பிடித்து வாய்க்காலுக்குள் தள்ளினார். பிறகு எல்லோரும் மேலே விழுந்தார்கள். தலையைக் காக்க நாடா சுற்றிய கையைத் தூக்கினார். கையும் நாடாவும் ஒரே சத்தத்தில் மடங்கின. சாக்கட்டி தேய்த்த பகுதியில் ரத்தம் ஊறி ஏறியது, கிணற்றுத் தண்ணீர் ஏறுவது போலவே. நான் பத்தடி தள்ளி, பதிவேட்டை மார்போடு அணைத்தபடி கரையில் நின்றேன். எழுதினது நான் என்று இரண்டு சொற்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை எண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் அவர் முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்க பேரும் கீழே இருந்துச்சேம்மா. தாளைக் காட்டினவனுக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும்." திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்து, "அந்தக் குமாஸ்தா என்னைத்தான தேடுனாரு, நியாயம்தான்," என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "காலின்னு போடச் சொன்னேனேம்மா," என்றார்.

மறுநாள் திருத்தச் சீட்டு ஒன்று எழுதினேன். ஜீயபுரம் அளவுகள் எடுக்கப்பட்டவை அல்ல, நான் எழுதியவை. கீழே என் கையெழுத்து. ஐந்து பிரதி: டெல்லிக்கு ஒன்று, மற்ற மூன்று இடங்களுக்கு, எங்கள் கோப்புக்கு. பேராசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடிப் பேப்பர் வெயிட்டை எடுத்து எறிந்தார். என் காதோரம் போய்ச் சுவர்ப் பட்டியலில் பட்டுச் சிதறியது. "வருஷக் கடைசியில மூடிடுவாங்க. உன்னாலதான்," என்றார். மற்ற நான்கு பிரதிகளையும் அதற்கு முன்பே தபாலில் சேர்த்துவிட்டு வந்திருந்தேன்.

மதகு நான்காம் நாள் திறந்தது. ஆய்வைப் பேராசிரியர் சொன்னபடியே மூடினார்கள். ஹவில்தாரின் கை கோணலாகக் கூடிற்று. அந்தக் கையால் பிறகு அவர் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை, யாரையும் அடிக்கவும் முடியவில்லை. சாமான்களை ஒப்படைத்த நாளில் நாடாவை உடைந்தது என்று குறித்து ஒதுக்கினார்கள். நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது தென்னூரில் வேறோர் அலுவலகத்தில், வேறோர் ஆய்வுக்கு அறிக்கை தொகுக்கிறேன். இங்கேயும் பதினைந்தாம் தேதி உண்டு, சுவரில் பட்டியல் உண்டு. நான் வரைந்த படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது: அளக்கவில்லை. போன காலாண்டில் அதில் ஏழு வரிகள் நிரம்பின. அறிக்கை திரும்பி வந்தது. மறுபடி அப்படியே அனுப்பினேன். அனுப்பிவிட்டு இழுப்பறையைத் திறந்து நாடாவைச் சுருட்டிப் பார்த்தேன். பத்தொன்பதாவது அடியில் சிக்கியது. அங்கேயே விட்டு மூடினேன்.