கஸ்தூரி என்னிடம் சொன்னது

கஸ்தூரி தன் கண் நோயைப் பற்றி என்னிடம் சொல்லவே இல்லை என்று நான் சொன்னது பொய். அவள் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். நானும் காது கொடுத்துத்தான் கேட்டேன்!

காக்களூரில் ஒரு மாடிக் கூடத்தில் பெண்களுக்கு யோகா சொல்லித்தருகிறேன். சுற்றியுள்ள தொழிற்கூடங்களில் வேலை முடிந்து மாலையில் வருவார்கள். சாப்பிட்டு நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், இறுக்கமான உடை கூடாது, முடிந்ததும் சவாசனத்தில் கிடக்காமல் எழக் கூடாது, உடனே குளிக்கக் கூடாது... இத்தனையும் வாய் ஓயாமல் சொல்வேன். முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்டதில்லை. உடம்புக்கு என்ன? என்ன மருந்து எடுக்கிறீர்கள்?

ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? கேட்டால் பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்குமே என்ற பயமா? தெரியவில்லை...

கஸ்தூரிக்கு நாற்பத்திரண்டு வயது. பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் சொத்தை மூடிகளைப் பொறுக்கிப் பிரிக்கிற வேலை. சொன்னபடி வளைகிற உடம்பு அவளுக்கு. அந்தச் சமயத்தில் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அதிகாரிகள் என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் அங்கும் வகுப்பு எனக்கே. ஐந்து பெண்களை வரிசையாகச் சிரசாசனத்தில் நிறுத்திக் காட்டுவதென்று தீர்மானித்தேன். நடுவில் கஸ்தூரி.

பயிற்சி தொடங்கிய அன்று, மற்றவர்கள் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது, அவள் என் அருகே வந்தாள்.

"அக்கா, கண்ணுல பிரஷர் கீதுன்னு டாக்டர் சொட்டு மருந்து குடுத்துகீறாரு. தெனம் ஊத்திக்கினு கீறேன். தலைகீழா நின்னா ஒண்ணியும் ஆவாதே?"

எனக்குத் தெரியும். கண்ணில் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்கவே கூடாது. நான் படித்தபோது முதலில் சொல்லித்தந்த எச்சரிக்கைகளில் ஒன்று அது!

"ஒண்ணும் ஆகாது. ரத்த ஓட்டம் நல்லா இருக்கும். கண்ணுக்கே நல்லது" என்றேன்.

மூன்று வாரம், தினமும் நின்றாள். இறங்கியதும் உள்ளங்கையால் இடக்கண்ணைப் பொத்திக்கொள்வாள். பார்த்தேன். பார்க்காதவளைப் போல அடுத்த பாய்க்கு நகர்ந்தேன். அதிகாரிகள் வந்தார்கள், கைதட்டினார்கள், வகுப்பும் கிடைத்தது.

அடுத்த மாதம் அவளுடைய இடக்கண்ணில் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. ஆசனம்தான் காரணமா, நோயே முற்றியதா... மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். அந்த 'முடியவில்லை'யைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறேன். எங்கே தப்பிப்பது?

அவள் கணவர் கூடத்துக்கு வந்தார். பின்னால் கஸ்தூரி.

"இன்னாம்மா, கண்ணு நோவுன்னு தெரிஞ்சிக்கினே இவள தலைகீழா நிக்க வெச்சியா?"

பத்துப் பதினைந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க என்கிட்ட சொல்லவே இல்லீங்க. சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?"

என் குரல் நடுங்கக்கூட இல்லை!

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "சொன்னா மாரிதான் கீது... இல்ல, சொல்லலியோ இன்னாவோ. வேல அலுப்புல மறந்துட்டேன் போல."

"இதக்கூட சொல்லாம இன்னா பண்ணிக்கினு இருந்த நீ?" படியிறங்கும்வரை கணவர் அவளைத் திட்டிக்கொண்டே போனார். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணோடு விடவில்லை நான்... தன் நினைவையே அவள் சந்தேகப்படும்படி செய்துவிட்டேன். கம்பெனியில் அவளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதன்பின் படிவம் அச்சடித்தேன். ரத்த அழுத்தம், கண், இதயம், கர்ப்பம், அறுவைச் சிகிச்சை... எழுதித் தராமல் யாரும் பாயில் கால் வைக்க முடியாது. "மேடம் ரொம்ப கவனம்" என்கிறார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்கிறேன்.

போன வாரம் திருவள்ளூர் ரயில் நிலையத்தில் கஸ்தூரியைப் பார்த்தேன். தலையை இடப்புறம் முழுக்கத் திருப்பித்தான் என்னை அடையாளம் கண்டாள். கண்டதும் சிரித்தாள்.

"அக்கா, மூச்சுப் பயிற்சி மட்டுமாவது வந்து செய்யட்டா? இந்த தபா எல்லாத்தியும் மறக்காம சொல்லிடறேன்க்கா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ அன்றே சொன்னாய் கஸ்தூரி என்று, நான்கே சொற்களில்...

"இப்போதைக்கு இடம் இல்ல கஸ்தூரி" என்றேன்.

"பரவால்லக்கா" என்றாள். ரயில் வந்தது. அவள் எந்தப் பெட்டியில் ஏறுகிறாள் என்று பார்த்துவிட்டு, நான் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.