மாற்றி எழுதிய முடிவு

அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவளை எல்லோரும் 'மூச்சக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் வேறு என்ன பேர் வைப்பார்கள்? அவளும் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்ப்பாள். அன்று மட்டும் காலையிலிருந்தே சிரிப்புக்குப் பஞ்சம். பிரிந்திருக்கும் புருஷன் தூது அனுப்பியிருந்தான். "கை நீட்டுறதெல்லாம் எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். பொண்ணக் கூட்டிட்டுப் போய்ச் சேரு. சாயங்காலத்துக்குள்ள பதிலச் சொல்லு" என்று அண்ணன் போனில் முடித்துவிட்டான். குடியிருப்பது அண்ணன் வீட்டு மாடியில். பேச்சைத் தட்டினால் அடுத்த பேச்சு என்னவென்று அவளுக்குத் தெரியாதா?

அடி வாங்கி வாங்கி மரத்துப்போயிருந்த நாளில் அவள் ஒரு நாவல் படித்தாள். அதில் ஒருத்தி கடைசிப் பக்கத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கிவிடுவாள். மறுவாரமே இவளும் இறங்கினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, ஆளுக்கொன்று பேசினார்கள். 'நான் மட்டுமா, அவளும்தானே இறங்கினா' என்று அந்தக் கதையில் வந்தவளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினாள்.

மதியம் ஒரு சீட்டிலிருந்த பேரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாவலை எழுதியவர். இருமிக்கொண்டே உள்ளே வந்தார். பின்னட்டையில் பார்த்த கறுப்பு மீசை நரைத்திருந்தது, அவ்வளவுதான். சந்தோஷத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சார், அந்த வாசப்படி இறங்குற இடம்... எனக்கு மனப்பாடம் சார்" என்றாள். தன் கதையைச் சொல்ல நா எழவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. "அதுவா? அப்ப இளரத்தம்மா, கோவத்துல எழுதிட்டேன். இப்பப் புதுப் பதிப்பு வருது. முடிவ மாத்திட்டேன், அவ திரும்பிப் போயிடுவா. புள்ளைக்கு அப்பன் வேணாமா?"

அவளுக்கு இருந்த ஒரே துணையும் கழன்றுகொண்டதே. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நோயாளியை நிற்க வைத்துக்கொண்டு இரண்டையும் காட்ட முடியுமா?

"அவ புருஷன் திருந்திட்டானா சார்?"

"அவன் பக்கம் நான் எழுதப் போகலைம்மா. கதை அவளப் பத்தினதுதானே."

"அப்ப, போனா மறுபடி அடிப்பானே சார்."

எழுத்தாளர் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். "புத்தகம் அச்சுக்குப் போயிடுச்சேம்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். நெஞ்சைத் தட்டோடு ஒட்டி நிற்கவைத்து, தோளை முன்னால் தள்ளி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். படம் நன்றாகவே விழுந்தது. கையெழுத்து வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் போனதும் சாயங்காலம்வரை காத்திராமல் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நான் போகலைண்ணே."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணின?"

"கேக்கறதுக்கு யாரும் இல்லைண்ணே." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "மாடிய எப்பக் காலி பண்ணணும், அதச் சொல்லு."