ஈரத் தரையில் ஓடிய ரயில்

போடியில் ஏலத்தோட்டத்து ஜீப்புகளைப் பழுது பார்ப்பது என் தொழில். சில வருடங்களுக்கு முன் வீட்டுத் தோட்டத்தில், பெட்டி கட்டும் இரும்புப் பட்டையால் தண்டவாளம் போட்டு, மோட்டார் வைத்த சின்ன ரயில் ஓட்டினேன். தண்டவாளத்துக்கு வீட்டுக் கரண்டையே கொடுத்தேன். நடுவில் ஒரு பல்பு போட்டால் கரண்டு குறைந்துவிடும், ஆபத்தில்லை என்று நினைத்தேன்.

மச்சினன் வந்து, "மாப்ளே, மதுரைக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க" என்று சிரித்தார். மனைவி மட்டும், "தண்ணி பாய்ச்சுற எடத்துல என்னங்க கரண்டு வெளையாட்டு?" என்றாள்.

"ஒஞ் சோலியப் பாரு" என்றேன்.

ஒரு நாள் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தது. ரயில் ஓடிக்கொண்டிருந்தபோது, கட்டவிழ்ந்து வந்த எங்கள் பசு தண்டவாளத்தை மிதித்தது. அப்படியே விழுந்தது. மனைவி அதை நோக்கி ஓடினாள்.

"தொடாத! கிட்டப் போகாத!" என்று கத்திக்கொண்டே போய் மெயினை அணைத்தேன். நாலடி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். பசு எழவில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்டாள். அவள் பேச்சை அன்றே கேட்டிருக்க வேண்டும்.

ரயிலை இப்போது டார்ச் பேட்டரியில்தான் ஓட்டுகிறேன். மெயினை அணைக்காமல் எந்த ஒயரையும் தொடுவதில்லை. இன்னொரு மாடு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். காலையில் கடைக்குப் பால் வாங்க நான்தான் போகிறேன்.