பம்பருக்குப் புத்தூர்க் கட்டு

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் என் நைனா, அதாவது அப்பா, என்னுடைய போனை எடுத்துப் பேசினார்.

எடுத்திருக்கவே கூடாது.

முதலில் இருந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் இருந்து திருப்பதிக்குக் காரில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், நைனா பக்கத்தில். புத்தலப்பட்டு அருகே மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் நின்றது. நானும் நின்றேன். அது மட்டும் பின்னால் வந்தது. (பின்னால் பார்க்கிற பழக்கம் டிராக்டருக்குக் கிடையாது போல.)

பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. டாஷ்போர்டில் கையை ஊன்றிய நைனாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

நைனாவின் கையைப் பார்த்ததும் அழுகை வந்தது. பம்பரைப் பார்த்ததும் பயம் வந்தது. அந்தக் கார் என் வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்த்து வாங்கியது. வீடியோ காலில் என் முகத்துக்கு முன் கார் முகத்தைக் காட்டச் சொல்கிற மனிதர். வெள்ளிக்கிழமை லீவில் வருகிறார். அதற்குள் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும், அவருக்கு ஒன்றும் தெரியக்கூடாது.

அன்று ராத்திரி வீடியோ காலில் காரின் பின்பக்கத்தை மட்டும் காட்டினேன்.

மறுநாள் காலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்ததில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள்.

"எங்க வேணும்னாலும் ரிப்பேர் பண்ணலாம் மேடம். எங்க லிஸ்ட்ல இருக்கற திருப்பதி ஒர்க்‌ஷாப்னா கேஷ்லெஸ், நாங்களே அவங்களுக்குக் கொடுத்துடுவோம். உங்க மெக்கானிக்னா முதல்ல நீங்க கொடுத்துட்டு, பில் வச்சு வாங்கிக்கணும். ஆனா எங்க சர்வேயர் வந்து சேதத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி வண்டியில கை வைக்கக்கூடாது."

திருப்பதியில் கேட்டால் அடுத்த வாரம்தான் ஆகும் என்றார்கள். சித்தூர் மெக்கானிக்கோ, சர்வேயர் பார்த்துவிட்டால் வெள்ளிக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார். வண்டியை அவர் ஷெட்டில் விட்டேன்.

அன்றே நைனாவைப் பஸ்ஸில் புத்தூருக்குக் கூட்டிப் போனேன். எங்கள் பக்கம் எலும்பு என்றாலே புத்தூர்தான். கட்டு போட்டு முடிந்து, பஸ் ஸ்டாண்டில் நான் டீ வாங்கப் போன நேரத்தில்தான் அந்தப் பெண் திரும்ப அழைத்திருக்கிறாள். நடந்த பேச்சை நைனாவே பெருமையாகச் சொன்னார்.

"சார், ஆக்சிடென்ட் விஷயமா கூப்பிடறேன். டேமேஜ் இப்ப எப்படி இருக்கு?"

"கட்டு கட்டியாச்சிம்மா. இப்பத்தான் முடிச்சிக்கினு கெளம்பறோம்."

"எங்க சார் கட்டினீங்க?"

"புத்தூர்ல. வேற எங்க கட்டுவாங்க?"

"எங்க சர்வேயர் இன்னும் பாக்கலையே சார்."

"அவரு பாத்து இன்னா பண்ணப் போறாரு? நேத்தே வீங்கிப் போச்சி. முட்டை ஊத்தி, பச்சிலை பூசி, மூங்கில் வச்சி இறுக்கமா கட்டிட்டாங்க."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டதாம்.

"மூங்கிலா சார்? அது எங்க லிஸ்ட்ல இருக்கற இடமா?"

"லிஸ்ட்டா? மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வந்து கட்டிக்கினு போறாங்க. இன்னும் ரெண்டு கட்டு போட்டா பழையபடி ஆயிடும்மா."

சொல்லி முடித்துவிட்டு நைனா டீயை வாங்கிக்கொண்டார். "என் கையைப் பத்தி எவ்ளோ அக்கறையா விசாரிச்சா தெரியுமா?"

என் டீயை அப்படியே கீழே வைத்தேன். உடனே கம்பெனியைக் கூப்பிட்டேன். வேறொருவர் எடுத்தார். "சர்வேக்கு முன்னாடியே வேலை நடந்ததா பதிவாகி இருக்கு மேடம். சர்வேயர் வந்து பாத்துச் சொன்னாதான் க்ளெய்ம்."

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனால் திருப்பதி சர்வேயர் முன்னாலேயே வந்து நிற்கிறார். பம்பர் கீழே விழாமல் இருக்க மெக்கானிக் நைலான் கயிற்றால் அதை இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார். (நல்ல மனிதர். நேரம்தான் சரியில்லை.)

"ஏம்மா, கட்டு போட்டீங்கன்னு எழுதி இருக்குது. இதோ கட்டு கண்ணுக்கே தெரியுது கதா. முட்டை எக்கட?" எங்கே என்று தெலுங்கு கலந்து கேட்டார்.

காருக்குப் பின்னால் இருந்து நைனா கையைத் தூக்கிக் காட்டினார். "இங்க சார்."

சர்வேயர் குனிந்து கட்டை முகர்ந்து பார்த்தார். பச்சிலை வாசனை. அப்படியே ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து சிரித்தார்.

"புத்தூரா? என் காலுக்கும் அங்கதானய்யா கட்டினாங்க."

கயிற்றை அவிழ்க்கச் சொல்லி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தார். "பண்டி ஓகேம்மா, வண்டியில யாரும் கை வைக்கல. எங்க செய்யணுமோ மீ இஷ்டம்."

மூச்சு வந்தது. மெக்கானிக்கிடம் வேலையை ஆரம்பிக்கச் சொல்ல வாயைத் திறந்தேன். குவைத்தில் இருந்து வீடியோ கால். போனைத் தூக்கிக்கொண்டு காரின் பின்பக்கம் ஓடினேன்.

"ஏம்மே, பின்னாடி ஓடாத. மாமா கை எப்படி இருக்குது?"

பாலிசி அவர் பெயரில். அதில் கொடுத்திருக்கும் நம்பரும் அவருடையது. க்ளெய்ம் பதிவு, சர்வேயர் வருகை, கடைசியாக 'மூங்கில் வைத்துக் கட்டியதற்கு விளக்கம் தேவை' வரைக்கும் எல்லா மெசேஜும் ஒழுங்காகக் குவைத்துக்குப் போயிருக்கிறது. நான் மட்டும்தான் இங்கே பின்பக்கம் காட்டிக்கொண்டிருந்தேன்.

"மூங்கில்னு படிச்சதுமே மாமாவுக்குதான் அடின்னு புரிஞ்சி போச்சி. வண்டிய திருப்பதியிலயே விடு. மெதுவா செய்யட்டும், நான் ஏர்போர்ட்ல இருந்து பஸ்ல வந்துக்கறேன்."

காரைக் காட்டச் சொல்லவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் நல்லவர்தான், நான்தான் மறந்துபோய்விட்டேன்.

நண்பர்களே, உங்கள் பாலிசியில் யார் நம்பர் இருக்கிறது? எதையாவது மறைக்கிற உத்தேசம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கம்பெனிப் பெண்ணே, இதைப் படித்தால் ஒரு போன் போடம்மா. கை எப்படி இருக்கிறது என்று நீ கேட்பாய் என நைனா இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்.